வாய்க்குள்ளே ஒரு வரைபடம்: பார்வையற்ற மாணவருக்கு உயிரொலிப் படத்தை விளக்குவது எப்படி?

முதலில் ஒரு சின்ன சோதனை. கண்ணை மூடிக்கொண்டு, தாடைக்குக் கீழே ஒரு விரலை வைத்து, 'ஈ… ஏ… ஆ…' என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்க. விரல் என்ன ஆச்சு? படிப்படியாகக் கீழே இறங்கியிருக்கும். இப்போது நீங்கள் ஒலியியல் பாடப்புத்தகத்தில் இருக்கும் ஒரு முக்கியமான படத்தில் பாதியைப் படித்து முடித்துவிட்டீர்கள். அதுவும் கண்ணை மூடிக்கொண்டு!

பார்வை மாற்றுத்திறனாளி மாணவர்கள் பலருக்குக் கல்லூரியில் 'இதை விட்டுடலாம்' என்று சொல்லப்படும் படம் இது. அதை விடாமல் சொல்லித் தருவது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. உங்கள் வீட்டில், தெருவில், வகுப்பில் அப்படி ஒரு மாணவர் இருந்தால் இன்றைக்கே பயன்படும்.

விட்டுடறது எனக்குப் புதுசு இல்ல அக்கா

பி.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கும் பார்வையற்ற மாணவி ஒருவருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பாடம் வாசித்துக் காட்டப் போவேன். ஒருநாள் ஒலியியல் பாடம். அதில் உயிரொலிகளின் படம் வந்தது. "இந்தப் படத்தை விட்டுட்டு வேற கேள்வி எழுதிக்கோம்மா" என்று வகுப்பில் ஏற்கெனவே சொல்லிவிட்டார்களாம்.

"அப்போ அடுத்த பக்கம் போகலாமா?" என்று கேட்டேன்.

"விட்டுடறது எனக்குப் புதுசு இல்ல அக்கா. பத்தாவதுல மேப்பை விட்டேன், பன்னெண்டாவதுல படம் வந்த கேள்வியெல்லாம் விட்டேன். நான் பி.எட். முடிச்சு டீச்சராகணும். நாளைக்கு பசங்க இதைக் கேட்டா என்ன சொல்றது? என்னன்னு தெரிஞ்சுக்கிட்டாவது விடறேனே."

சரி என்று விளக்க ஆரம்பித்தேன். "ஒரு பெட்டி மாதிரி இருக்கு. ஒரு பக்கம் சாய்ஞ்சிருக்கு. உள்ளே கோடு, கோட்டுல புள்ளி, புள்ளி பக்கத்துல எழுத்து..."

பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "பெட்டி புரியுது. அது ஏன் சாய்ஞ்சிருக்கு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இதழியல் படித்தபோது செய்தி வாசிப்புப் பயிற்சிக்காக இதே படத்தைப் பார்த்திருக்கிறேன், வரைந்திருக்கிறேன், மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் ஏன் அந்த வடிவம் என்று யோசித்ததே இல்லை. நான் அவளிடம் சொன்னது படத்தின் தோற்றத்தை. அவளுக்குத் தேவைப்பட்டது படம் சொல்லும் செய்தி. இரண்டும் வேறு வேறு என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அதன் பிறகு நானும் உட்கார்ந்து படித்தேன். படித்ததை இங்கே பகிர்கிறேன்.

அந்தப் படம் என்ன சொல்கிறது?

உயிரொலி வெளிவரும்போது காற்றை வாய்க்குள் எதுவும் தடுப்பதில்லை. நாக்கு எங்கே உயர்கிறது, வாய் எவ்வளவு திறக்கிறது, உதடு குவிகிறதா இல்லையா - இந்த மூன்றும் மாறுவதால்தான் 'ஈ'யும் 'ஊ'வும் வேறு வேறு ஒலிகளாகக் கேட்கின்றன. அந்த மூன்றையும் ஒரே இடத்தில் காட்டுவதுதான் இந்தப் படம்.

இடப்பக்கம் பார்த்து நிற்கும் ஒருவரின் வாயைப் பக்கவாட்டில் இருந்து பார்ப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். படத்தின் இடப்பக்கம் அவருடைய உதட்டுப் பக்கம். வலப்பக்கம் தொண்டைப் பக்கம். மேலே அண்ணம், கீழே தாடை. படத்தில் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும், அந்த ஒலியைச் சொல்லும்போது நாக்கு எந்த இடத்தில் உயர்ந்து நிற்கிறது என்பதைக் காட்டும் அடையாளம்.

இப்போது அவள் கேட்ட கேள்விக்கு வருவோம். வாய் அதிகம் திறக்காதபோது நாக்கு முன்னும் பின்னும் நிறைய தூரம் போக முடியும். அதனால் மேல் கோடு நீளம். வாயை நன்றாகத் திறந்தால் தாடையோடு நாக்கும் இறங்கிவிடும்; முன்னே போக இடம் குறைந்துவிடும். அதனால் கீழ்க் கோடு சிறியது. நீளமான மேல் கோட்டையும் சிறிய கீழ்க் கோட்டையும் முன்பக்கத்தில் இணைத்தால், அந்தக் கோடு சாய்வாகத்தான் வரும். சாய்வுக்குக் காரணம் நம் தாடைதான்.

இந்தப் படத்துக்கு அடிப்படை அமைத்தவர் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பணியாற்றிய ஒலியியல் அறிஞர் டேனியல் ஜோன்ஸ். எழுத்து விளக்கத்தை மட்டும் வைத்து இந்த உயிரொலிகளைக் கற்க முடியாது. தெரிந்தவரிடம் காதால் கேட்டு, வாயால் சொல்லிப் பழக வேண்டும் என்பது அவர் கருத்து. 1917-லேயே இந்த ஒலிகளைத் தன் குரலில் இசைத்தட்டில் பதிவு செய்தார். ஆக, இது தொடக்கத்தில் இருந்தே காதுக்கும் வாய்க்குமான பாடம். படம் அதற்கு ஒரு துணை.

முதலில் வாய், பிறகு படம்

விளக்கம் சொல்பவர் இந்த 5 படிகளை வரிசையாகச் செய்யுங்கள். ஒரு முக்கியமான விஷயம்: மாணவரின் முகத்தை நீங்கள் தொடாதீர்கள். அவர் விரலை அவரே வைத்துப் பார்க்கட்டும். நீங்களும் கூடவே செய்யுங்கள்.

1. மேல் - கீழ்: தாடைக்குக் கீழே விரல் வைத்து 'ஈ, ஏ, ஆ' சொல்லச் சொல்லுங்கள். விரல் இறங்குவதுதான் படத்தில் மேலிருந்து கீழே வருவது.

2. முன் - பின்: சத்தம் வராமல் 'ஈ, ஊ, ஈ, ஊ' என்று மாற்றி மாற்றி நாக்கை மட்டும் அசைக்கச் சொல்லுங்கள். நாக்கு முன்னே வந்து பின்னே போவது தெரியும். படத்தில் இடமிருந்து வலம் போவது இதுதான்.

3. காற்றுச் சோதனை: 'ஈ' சொல்ல வாயை வைத்துக்கொண்டு, சொல்லாமல் காற்றை உள்ளே இழுக்கட்டும். நாக்கு அண்ணத்தை நெருங்கும் இடத்தில் சில்லென்று இருக்கும். நாக்கு உயர்ந்து நிற்கும் இடம் அதுதான். இதையே 'ஆ'வுக்குச் செய்தால் அந்தக் குளிர்ச்சி ஓரிடத்தில் நிற்காமல் வாய் முழுக்கப் பரவும்.

4. உதடு: ஒரு விரலை உதட்டின் மேல் வைத்து 'ஈ, ஊ' சொல்லட்டும். ஒன்றில் உதடு விரியும், இன்னொன்றில் குவியும்.

5. அளவு: வாயை நன்றாகத் திறந்து 'ஆ' சொல்லிக்கொண்டே நாக்கை முன்னும் பின்னும் நகர்த்தட்டும். 'ஈ, ஊ' சொன்னபோது இருந்த தூரம் இப்போது இருக்காது. கீழ்க் கோடு ஏன் சிறியது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் இல்லை.

ஐந்தும் முடிய பத்து நிமிஷம் போதும். இதற்குப் பிறகு படத்தைச் சொன்னால், தன் வாய்க்குள் ஏற்கெனவே தெரிந்த இடங்களுக்குப் பெயர் வைப்பது மாதிரிதான் இருக்கும்.

தமிழ் உயிர்கள் எங்கே நிற்கின்றன?

தமிழில் உயிரெழுத்து 12. இதில் 'ஐ', 'ஔ' இரண்டும் ஓரிடத்தில் நிற்காமல் நகரும் ஒலிகள். மீதி 10-ல் குறிலும் நெடிலும் ஜோடி. ஜோடிக்குள் பெரிய வேறுபாடு நீளம்தான். நாக்கு நிற்கும் இடம் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே மனதில் வைக்க வேண்டியது வெறும் 5 இடங்கள்.

இடப்பக்கம் மேலே 'இ, ஈ'. அதே பக்கம் நடு உயரத்தில் 'எ, ஏ'. கீழே நடுவில் 'அ, ஆ'. வலப்பக்கம் நடு உயரத்தில் 'ஒ, ஓ'. வலப்பக்கம் மேலே 'உ, ஊ'. இடப்பக்கம் இறங்கி, பள்ளத்தைத் தொட்டு, வலப்பக்கம் ஏறுவது போன்ற பாதை. 'ஈ, ஏ, ஆ, ஓ, ஊ' என்று சொல்லிக்கொண்டே விரலால் காற்றில் இந்தப் பாதையை வரையலாம்.

'ஐ' என்றால் 'அ'வில் கிளம்பி 'இ' பக்கம் போகும் பயணம். 'ஔ' என்றால் 'அ'வில் கிளம்பி 'உ' பக்கம் போகும் பயணம். படங்களில் இவற்றை அம்புக்குறியாகப் போட்டிருப்பார்கள்.

படமே இல்லாமல் இதைச் சொன்ன நூல் ஒன்று நம்மிடம் இருக்கிறது. தொல்காப்பியம், எழுத்ததிகாரம், பிறப்பியல். அங்கே உயிரெழுத்துகள் மூன்று கூட்டமாகப் பிரிக்கப்படுகின்றன. 'அ, ஆ' வாயைத் திறப்பதால் பிறப்பவை. 'இ, ஈ, எ, ஏ, ஐ' வாய் திறப்பதோடு நாக்கின் அடி விளிம்பு மேற்பல்லைப் பொருந்துவதால் பிறப்பவை. 'உ, ஊ, ஒ, ஓ, ஔ' உதடு குவிவதால் பிறப்பவை. படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்க: பள்ளம், இடப்பக்கம், வலப்பக்கம். அதே மூன்று கூட்டம். உடம்பை வைத்தே சொல்லப்பட்ட விளக்கம் என்பதால் பார்க்க வேண்டிய அவசியமே அதில் இல்லை. தமிழ் மாணவருக்குச் சொல்லித் தரும்போது இங்கிருந்து தொடங்குவது எளிது.

ஒரே எழுத்து, இரண்டு இடம்

இந்தப் படத்தால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு இரண்டு உதாரணம்.

உதட்டில் விரலை வைத்து முதலில் 'பூ' என்று சொல்லுங்கள். உதடு நன்றாகக் குவியும். இப்போது பேசுகிற மாதிரி 'பாட்டு' என்று சொல்லுங்கள். கடைசி 'உ'வில் உதடு குவிவதில்லை! இதுதான் குற்றியலுகரம். அரை மாத்திரை என்று பள்ளியில் படித்திருப்போம். உதட்டிலும் மாற்றம் உண்டு என்பதை விரல் காட்டிக் கொடுக்கிறது. எழுத்தில் இரண்டுக்கும் அதே உகரம்தான். ஒலியியல் படத்தில் தனித்தனிக் குறி உண்டு. அந்தப் படத்தில் குறிகள் ஜோடியாக நிற்கும் இடங்களில், புள்ளிக்கு இடப்பக்கம் இருப்பது உதடு குவியாத ஒலி, வலப்பக்கம் இருப்பது உதடு குவிந்த ஒலி.

அடுத்தது ஆங்கிலம். பூனைக்கான ஆங்கிலச் சொல்லையும், வாசல் கதவுக்கான ஆங்கிலச் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டுமே 'கேட்'தான். ஆனால் தாடைக்குக் கீழே விரல் வைத்துச் சொன்னால், பூனைக்குத் தாடை இன்னும் இறங்கும். படத்தில் அது 'ஏ'வுக்குக் கீழே, இடப்பக்கச் சாய்கோட்டின் அடிப்பகுதியில் இருக்கும். நேர்முகத் தேர்வுக்கும் கால் சென்டர் வேலைக்கும் உச்சரிப்புப் பழகுகிறவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும் விஷயம்.

நூலும் மிளகும் போதும்: தொட்டுப் படிக்கும் படம்

வாயால் புரிந்ததை இனி கையால் தொடலாம். தேவையானவை: ஒரு கெட்டி அட்டை, உல்லன் நூல், பசை, ஸ்டிக்கர் பொட்டு, கொஞ்சம் மிளகு. அட்டை ஏ4 தாள் அளவு இருந்தால் போதும்; அகலவாக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அளவு எளிது. டேனியல் ஜோன்ஸ் முறையில் மேல் கோடு 4 பங்கு, வலப்பக்கக் கோடு 3 பங்கு, கீழ்க் கோடு 2 பங்கு. ஆகவே மேலே 20 செ.மீ. கோடு போடுங்கள். அதன் வலது முனையில் இருந்து நேர் கீழே 15 செ.மீ. அந்த முனையில் இருந்து இடப்பக்கமாக 10 செ.மீ. கடைசியாக இடப்பக்க முனைகள் இரண்டையும் இணைத்தால் சாய்கோடு தானாக வந்துவிடும். சுமார் 18 செ.மீ. இருக்கும். இந்தக் கோடுகள் மேல் பசை தடவி நூலை ஒட்டுங்கள். உள்ளே, மேலிருந்து 5 செ.மீ., 10 செ.மீ. இறக்கத்தில் இரண்டு குறுக்குக் கோடுகள். அதற்கு மெல்லிய தையல் நூல் போதும். வெளிக்கோடும் உள்கோடும் தொட்டாலே வேறுபாடு தெரிய வேண்டும்.

அடுத்து ஒலிகள். உதடு குவியாத ஒலிகளுக்குத் தட்டையான ஸ்டிக்கர் பொட்டு. உதடு குவியும் ஒலிகளுக்கு உருண்டையான மிளகு. 'ஈ', 'ஏ', 'ஆ' பொட்டு; 'ஓ', 'ஊ' மிளகு. 'ஏ'வும் 'ஓ'வும் இரண்டு குறுக்குக் கோடுகளுக்கு நடு உயரத்தில் வரும். 'ஊ'வுக்குக் கொஞ்சம் இடப்பக்கம் ஒரு பொட்டு வைத்தால் அது குற்றியலுகரம். பிரெய்ல் எழுதத் தெரிந்தவர் இருந்தால் ஒவ்வொன்றின் பக்கத்திலும் எழுத்தைக் குத்தி ஒட்டலாம். இரண்டு விரல் அகல இடைவெளி இருக்கட்டும். நெருக்கமாக இருந்தால் விரலுக்குக் குழப்பம்.

கடைசியாக, அட்டையின் மேல் வலது மூலையைச் சின்னதாக வெட்டிவிடுங்கள். எது மேல் பக்கம் என்று யாரையும் கேட்காமல் அவரே திருப்பி வைத்துக்கொள்வார். படத்தைக் கொடுக்கும்போது முதலில் இரண்டு கையாலும் முழுசாகத் தடவிப் பார்க்கட்டும். உங்கள் விளக்கம் பிறகு.

சர்வதேச ஒலிக்குறிகளையும் பிரெய்லில் எழுத முடியும். அதற்கான முறை 1934-ல் லண்டனில் வெளியானது. 2008-ல் அதைப் புதுப்பித்தவர் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழக மொழியியல் பேராசிரியர் ராபர்ட் எங்கில்பிரெட்சன். அவரும் பார்வையற்றவர்.

போனில் அனுப்பும்போது கவனிக்க வேண்டியவை

இன்று பாடக்குறிப்பு எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. பார்வையற்ற மாணவர்கள் ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்ற திரைவாசிப்பு வசதி மூலம் அதைக் கேட்கிறார்கள். போர்டில் வரைந்ததை போட்டோ எடுத்து அனுப்பினால் சில நேரம் 'போட்டோ' என்று மட்டும் கேட்கும். ஸ்கேன் செய்த பிடிஎஃப்பிலும் இதே சிக்கல்தான். எனவே படத்தோடு எழுத்து விளக்கமும் அனுப்புங்கள். மாதிரிக்கு ஒன்று, அப்படியே பயன்படுத்திக்கொள்ளலாம்:

"இது உயிரொலிகளைச் சொல்லும்போது நாக்கு நிற்கும் இடத்தைக் காட்டும் நான்கு பக்கப் படம். இடப்பக்கம் உதடு, வலப்பக்கம் தொண்டை. மேல் கோடு நாக்கு உயர்ந்த நிலை, கீழ்க் கோடு வாய் திறந்து நாக்கு தாழ்ந்த நிலை. கீழ்க் கோடு மேல் கோட்டில் பாதி நீளம். வலப்பக்கம் நேர்கோடு, இடப்பக்கம் சாய்கோடு. சாய்கோட்டின் மேல் முனையில் ஈ, நடுவில் ஏ. கீழ்க் கோட்டின் நடுவில் ஆ. வலப்பக்கக் கோட்டின் நடுவில் ஓ, மேல் முனையில் ஊ. ஓ, ஊ இரண்டுக்கும் உதடு குவியும்."

எந்தப் படத்துக்கும் இதே வரிசை பொருந்தும்: முதலில் இது எதைக் காட்டுகிறது, அடுத்து எந்தப் பக்கம் எது, அதன் பிறகு மொத்த வடிவம், கடைசியில் ஒவ்வொன்றின் இடம். 'கீழே உள்ள படத்தில் காண்க', 'இது இங்கே, அது அங்கே' போன்ற சொற்களைத் தவிருங்கள். ஒலிக்குறிகளைத் திரைவாசிப்புச் செயலி சில நேரம் தாண்டிப் போய்விடும். எனவே குறியோடு ஒரு எடுத்துக்காட்டுச் சொல்லும் எழுதுங்கள். கூடவே அந்த ஒலிகளை உங்கள் குரலில் ஒரு வாய்ஸ் மெசேஜாக அனுப்பினால் இன்னும் நல்லது.

இது சலுகை இல்லை, சட்டம்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 பிரிவு 16, அரசு நிதியுதவி அல்லது அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்களின் கடமைகளைச் சொல்கிறது. மாணவரின் தேவைக்கு ஏற்ற வசதிகளைச் செய்து தர வேண்டும். பார்வையற்றவர்களுக்கு மிகப் பொருத்தமான மொழியிலும் முறையிலும் கல்வி தர வேண்டும். பிரிவு 17, கூடுதல் நேரம், எழுத உதவியாளர் போன்ற வகையில் பாடத்திட்டத்திலும் தேர்வு முறையிலும் தகுந்த மாற்றங்கள் செய்வதை அரசின் நடவடிக்கைகளில் ஒன்றாகச் சொல்கிறது.

ஆகவே மாணவர்களே, 'படத்தை விட்டுடு' என்று யாராவது சொன்னால், "எனக்கு எழுத்து விளக்கமோ தொட்டுப் பார்க்கும் படமோ வேண்டும்" என்று எழுதிக் கேளுங்கள். துறைத் தலைவர் அல்லது முதல்வருக்கு ஒரு பக்கக் கடிதம் போதும். பாடத்தின் பெயர், படம் இருக்கும் பக்கம், எந்த வடிவில் வேண்டும், எந்தத் தேதிக்குள் வேண்டும் - இந்த நான்கையும் குறிப்பிடுங்கள். நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் உங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். போகும்போது மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை எடுத்துச் செல்லுங்கள்.

எழுத உதவியாளராகப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாணவர் "மேல் கோடு நீளம், வலப்பக்கம் நேர்கோடு, இடப்பக்கச் சாய்கோட்டின் மேல் முனையில் ஈ" என்று சொல்லச் சொல்ல நீங்கள் வரைய வேண்டியிருக்கலாம். தேர்வுக்கு முன் ஒருமுறை சேர்ந்து பழகிப் பாருங்கள். மாணவர் சொல்லாததை நீங்களாகச் சேர்க்கக் கூடாது. சொன்னதை விடவும் கூடாது.

அடுத்த ஞாயிறு

நூலும் மிளகும் ஒட்டிய அட்டையோடு அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். அவள் இரண்டு கையாலும் ஓரத்தைத் தடவினாள். சாய்கோட்டில் விரல் நின்றது. வாய் சத்தமில்லாமல் 'ஈ, ஏ, ஆ' என்று அசைந்தது.

"தாடை இறங்குது, அதான் சாய்வு" என்றாள். நான் இன்னும் எதுவும் சொல்ல ஆரம்பிக்கவே இல்லை.

பிறகு அட்டையைத் திரும்பத் தடவிவிட்டு, "அக்கா, 'ஐ'யும் 'ஔ'வும் எங்க? விட்டுட்டீங்களா?" என்று கேட்டாள்.

விட்டுத்தான் இருந்தேன். அன்றைக்கே இரண்டு நூல் துண்டு எடுத்து, 'ஆ' பொட்டில் இருந்து 'ஈ' பக்கம் ஒன்று, 'ஊ' பக்கம் ஒன்று ஒட்டினோம். பசை காய்வதற்குள் அவள் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டாள்.